ரணியேரியின் கதிரை

உதைபந்தாட்டக் கழகமொன்று தன் முகாமையாளரை வீட்டுக்கு அனுப்புவது பெரிய செய்தியல்ல. இங்கிலாந்தில் ஒவ்வொரு பருவத்திலும் நடப்பதுதான். ஆனால் 2017 பெப்ரவரி 23ஆம் திகதி லெஸ்டர் சிட்டி கழகம் கிளாடியோ ரணியேரியை அனுப்பிய செய்தி மட்டும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. எங்களுக்கு அது எட்டும்போது வெள்ளிக்கிழமை விடிந்திருந்தது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த இளைஞர்களின் வாயிலும் அந்தப் பெயர்தான். லெஸ்டர் எந்தத் திசையில் இருக்கிறதென்று கேட்டால் அவர்களில் பாதிப்பேர் விழித்திருப்பார்கள்.

அந்தக் கழகம் எப்படி எங்கள் ஊருக்குள் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் லெஸ்டர் பிரீமியர் லீக் புள்ளிப்பட்டியலின் கடைசியில் கிடந்தது. நைஜல் பியர்சன் என்ற முகாமையாளர் கடைசி 9 போட்டிகளில் 7ஐ வென்று அதைக் கரை சேர்த்தார். அவருக்கும் 2015 ஜூன் மாத இறுதியில் கதவைக் காட்டினார்கள். அந்த இடத்துக்குத்தான் ரணியேரி வந்தார். அவர் வந்தபோது சிரிக்காதவர்கள் குறைவு. அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், பரோ தீவுகளிடம் சொந்த மண்ணிலேயே தோற்றதற்காக, கிரேக்க தேசிய அணி அவரை விலக்கியிருந்தது. லெஸ்டர் சம்பியனாகும் வாய்ப்பை பந்தயக்காரர்கள் 5000க்கு 1 என்று கணித்தார்கள். சூது நமக்கு ஆகாத காரியம். ஆனாலும் அந்தக் கணக்குக்குள் இருக்கும் அலட்சியத்தைக் கவனியுங்கள்.

பிறகு நடந்தது உலகறிந்தது. பிரான்சின் இரண்டாம் பிரிவிலிருந்து சொற்ப விலைக்கு வந்த அல்ஜீரியரான ரியாத் மஹ்ரெஸ், மாலியிலிருந்து வந்த குடும்பத்தில் பாரிஸில் பிறந்த என்கோலோ கான்டே, சில வருடங்கள் முன்புவரை சிறு கழகங்களில் ஆடிக்கொண்டிருந்த ஜேமி வார்டி. முதலிருவரின் பெயருக்காகவே எங்கள் பையன்கள் லெஸ்டரைத் தத்தெடுத்துக்கொண்டார்கள் என்பதை மறைப்பானேன்? 2016 மே 2ஆம் திகதி, எங்கள் நேரப்படி நள்ளிரவு கடந்து அரை மணிக்குத் தொடங்கிய செல்சி - டொட்டன்ஹாம் ஆட்டம் 2-2 என்று முடிந்தபோது, அன்று மைதானத்துக்கே வராத லெஸ்டர் சம்பியனானது. 81 புள்ளிகள், இரண்டாமிடத்து ஆர்சனலைவிடப் 10 அதிகம். இரண்டு மணிக்குமேல் எங்கள் ஒழுங்கையில் பட்டாசுச் சத்தம் கேட்டு, யாருக்குக் கலியாணம் என்று உம்மா எழும்பி வந்து கேட்டார்.

அடுத்த பருவத்தில் கான்டேயைச் செல்சி வாங்கிக்கொண்டது. அவர் போன இடம் சம்பியனானது. விட்டுவந்த இடத்தின் நடுமுதுகு ஒடிந்தது. 2017 ஜனவரி 9ஆம் திகதி உலகின் சிறந்த பயிற்றுவிப்பாளர் என்று ரணியேரிக்கு ஃபீஃபா விருது கொடுத்தது. பெப்ரவரி 7ஆம் திகதி, அவருக்கு அசையாத ஆதரவு உண்டென்று கழகம் அறிக்கை விட்டது. இப்படி அறிக்கை வந்தாலே பெட்டியைக் கட்டத் தொடங்க வேண்டும் என்பது உதைபந்தாட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். புது வருடம் பிறந்து லீக் போட்டிகளில் ஒரு கோல்கூட விழவில்லை. 22ஆம் திகதி சம்பியன்ஸ் லீக்கில் செவில்லாவிடம் 2-1 எனத் தோல்வி. மறுநாளே முடித்துவிட்டார்கள். கழகம் அப்போது 17ஆம் இடத்தில். தரமிறங்கும் வலயத்துக்கு ஒரு புள்ளி மேலே. நடப்புச் சம்பியன் தரமிறங்கிய வரலாறு இங்கிலாந்தில் ஒரே தடவைதான் உண்டு: 1938இல் மென்செஸ்டர் சிட்டி. அந்தப் பயம் அவர்களை உலுப்பியிருக்கும்.

என் தம்பி கொழும்பில் கணக்காளர். எதையும் வரவு செலவாகப் பார்ப்பவன். தொலைபேசியில், "காக்கா, ஒருத்தர்ட மனசு நோகுதெண்டு நூறு பேர்ட தொழிலப் போக்காட்டலாமா?" என்று கேட்டான். தரமிறங்கினால் தொலைக்காட்சிப் பணம் போய்விடும், வீரர்கள் போய்விடுவார்கள், சமையற்கூடத்திலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறவர்களும் வீட்டுக்குப் போக வேண்டிவரும். அவன் சொன்னதில் பிழை சொல்ல எனக்கு வழியிருக்கவில்லை. உரிமையாளர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபாவைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கவும் முடியாது. அந்தக் கழகத்துக்கும் நகருக்கும் அள்ளிக் கொடுத்தவர். 2018 ஒக்டோபரில் மைதானத்தருகே ஹெலிகொப்டர் விழுந்து அவர் இறந்தபோது அந்த ஊரே அழுதது.

ஆனால் என்னை உறுத்தியது வேறு. அடுத்த லீக் போட்டி பெப்ரவரி 27ஆம் திகதி லிவர்பூலுடன். ரணியேரியின் துணைப் பயிற்றுவிப்பாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பிலிருந்தார். இறக்கிய பதினொருவரில் பத்துப்பேர் சம்பியன் அணிக்காரர்கள். கான்டேயின் இடத்தில் மட்டும் என்டிடி. 3-1 என வென்றார்கள். வார்டிக்கு இரண்டு கோல். அதே கால்கள்தாம். ஒரு கிழமைக்கு முன் ஓடாத அவை அன்று மானாய் ஓடின. முகாமையாளரை வெளியேற்றியதில் வீரர்களின் கையும் உண்டென்று பத்திரிகைகள் எழுதின; வீரர்கள் மறுத்தார்கள். தன் குடும்பத்துக்கு மிரட்டல்கள் வந்ததாக வார்டி சொன்னார். உண்மை எதுவாயிருந்தாலும், பந்தைத் துரத்தி அவர்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க எனக்குச் சந்தோசம் வரவில்லை. லீக்கில் தொடர்ந்து ஐந்து வெற்றி. செவில்லாவையும் 2-0 எனத் திருப்பியடித்துக் காலிறுதிக்குப் போனார்கள். லீக்கில் 12ஆம் இடத்தில் முடித்தார்கள். "பாத்தீங்களா காக்கா" என்றான் தம்பி.

எங்கள் ஊர்க் கழகமொன்றின் நிருவாக சபையில் சில காலம் இருந்தவன் நான். அங்கு ஒரு பயிற்றுவிப்பாளர் இருந்தார். மாஸ்டர் என்போம். சம்பளம் கிடையாது. அஸர் தொழுத கையோடு மைதானத்துக்கு வந்தால் மஃரிப் பாங்கு கேட்கும்வரை விசில் வாயிலிருந்து இறங்காது. மூன்று சுற்றுப்போட்டிகளில் முதற்சுற்றோடு வெளியேறியதும் அவரை மாற்றத் தீர்மானம் வந்தது. மாற்றுவதை நான் எதிர்க்கவில்லை. அவருக்கும் வயது போயிருந்தது. மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் வீடு தேடிப் போய், தேத்தண்ணீர் குடித்து, முகத்தைப் பார்த்துச் சொல்வோம் என்றேன். கூட்டம் நேரமில்லை என்றது. கடிதமொன்றைத் தட்டச்சுச் செய்து, அவரிடமே விளையாடப் பழகிய ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினார்கள். அடுத்த வருடம் கழகம் கிண்ணம் எடுத்தது. இறுதிப்போட்டிக்கு மாஸ்டர் வந்திருந்தார்; உள்ளே வராமல் மதிலோரம் நின்று பார்த்தார். கிண்ண ஊர்வலம் அவர் வீட்டுத் தெருவால் போகவில்லை. புதியவர் நல்ல பயிற்றுவிப்பாளர், அதிலும் சந்தேகமில்லை.

தம்பியின் கணக்குக்கு மறுகணக்கும் உண்டு. நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல், தோல்வியில் முகாமையாளரை மாற்றிய கழகங்களையும், அதேபோல் தோற்றும் மாற்றாமல் பொறுத்த கழகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரு சாராரும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் மீண்டிருந்தார்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கொடுத்த குளிசைக்குத்தான் பேர் கிடைக்கிறது. லெஸ்டரையே பாருங்கள். மீட்டெடுத்த ஷேக்ஸ்பியரை 2017 ஜூனில் நிரந்தரமாக்கிவிட்டு ஒக்டோபரில் அனுப்பிவிட்டார்கள். பிரெண்டன் ரொஜர்ஸ் 2021இல் அந்தக் கழகத்துக்கு முதன்முதலாக எஃப்.ஏ. கிண்ணத்தை வென்று கொடுத்தார். (அந்த இறுதிப்போட்டி முடிந்து ஹம்ஸா சௌத்ரியும் வெஸ்லி ஃபொஃபானாவும் பலஸ்தீனக் கொடியோடு நின்றது நமக்கு நினைவிருக்கும்.) 2023 ஏப்ரலில் அவரும் போனார். இந்தமுறை மாற்றம் பலிக்கவில்லை, கழகம் தரமிறங்கியது.

ரணியேரியை அதற்காக வலியுல்லாவாக்கும் எண்ணம் எனக்கில்லை. பியர்சனின் கதிரை சூடு ஆறுமுன் அமர்ந்தவர்தான் அவர். புல்ஹாம் கழகத்தைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்ட யொகனோவிச்சை 2018இல் நீக்கிய அன்றே அந்த இடத்துக்கும் வந்தார்; சில மாதங்களில் அவரையும் நீக்கினார்கள். 2024 நவம்பரில், 73 வயதில், ஓய்வை முறித்துக்கொண்டு ரோமா கழகத்துக்குப் போனார். அந்தப் பருவத்தில் அங்கே அதற்குள் இரண்டு பேர் நீக்கப்பட்டிருந்தார்கள். முதலாமவர் அந்நகரின் செல்லப்பிள்ளை டி ரொஸி. நான்கே லீக் போட்டிகளோடு அனுப்பப்பட்டவர். 12ஆம் இடத்தில் கிடந்த அணியை ரணியேரி 5ஆம் இடத்துக்குக் கொண்டுவந்து முடித்தார்.

அந்த முடிவு வந்த அன்று தம்பி எடுத்தான். "காக்கா, உங்கட ஆள் யார்ட கதிரையில இருந்து இதெல்லாம் செஞ்சார் எண்டு பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். டி ரொஸிக்கு யாராவது நேரில் போய்ச் சொன்னார்களா என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.