ஆறாத புண்ணும் டாக்டர் கேட்ட மூன்று கேள்விகளும்

டிப்தீரியாவுக்குத் தமிழில் 'தொண்டை அடைப்பான்' என்று பெயர். எங்கள் டெஸ்க்குக்கு அந்தச் செய்தி வந்தால் தொண்டைப் படத்தைத்தான் தேடுவோம். அதே கிருமி தோலிலும் புண்ணாக வரும் என்று எனக்குச் சொன்னவர், தம்பியின் காலைப் பார்த்த டாக்டர்.

ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வந்தவனுக்குக் கணுக்காலில் ஒரு புண். கொசுக்கடியைச் சொறிந்ததில் வந்தது. அம்மா மஞ்சள் வைத்துப் பார்த்தார், அவன் மெடிக்கல் ஷாப் ஆயின்மென்ட்டைத் தடவிப் பார்த்தான். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. ஓரம் தடித்து, நடுவில் சாம்பல் நிறத்தில் சவ்வு மாதிரி படிந்திருந்தது.

"கடைசியா எப்போ தடுப்பூசி போட்டே? ஹாஸ்டல்ல யாருக்காவது காய்ச்சலோட தொண்டை வலி வந்துச்சா? வீட்ல கைக்குழந்தை இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

இருந்தது. அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பாப்பாவுக்கு இரண்டு மாதம், முதல் தவணை ஊசி மட்டும்தான் போட்டிருந்தோம்.

"பெரும்பாலும் சாதாரணப் புண்ணாத்தான் இருக்கும். ஆனா கண்ணால பார்த்து முடிவு பண்ண முடியாது" என்றார். தோலில் வரும் டிப்தீரியா, புண் உள்ளவரைப் பெரிதாகப் படுக்கவைக்காதாம். ஆனால், புண்ணைத் தொட்ட கை வழியே இன்னொருவர் தொண்டைக்குப் போனால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

புண்ணைச் சுத்தம் செய்து, அடியிலிருந்து பஞ்சுக் குச்சியால் சாம்பிள் எடுத்தார்கள். மூக்கிலும் தொண்டையிலும்கூட எடுத்தார்கள். லேப் சீட்டில் 'டிப்தீரியா சந்தேகம்' என்று டாக்டர் எழுதினார். அந்த இரண்டு வார்த்தைகள் முக்கியம். இந்தக் கிருமியின் சாதுவான உறவுகள் நம் தோலில் சாதாரணமாகவே வாழ்கின்றன. சீட்டில் குறிப்பு இல்லையென்றால், லேபில் அவற்றோடு சேர்த்து இதையும் ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. குறிப்பு இருந்தால், டெல்லுரைட் கலந்த ஊடகத்தில் வளர்த்துத் தேடுவார்கள். கிருமி கிடைத்தால், அது நச்சை உண்டாக்கும் வகையா என்று எலெக் பரிசோதனையிலோ பி.சி.ஆரிலோ பார்ப்பார்கள். ஒரே புண்ணில் வேறு கிருமிகளும் சேர்ந்திருக்கலாம் என்பதால், ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்தக் கூடாது.

சாம்பிள் எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள். ரிசல்ட் வரும்வரை தம்பிக்குத் தனி அறை, தனித் துண்டு, புண்ணுக்கு மூடிய கட்டு. அக்கா பாப்பாவோடு மாடிக்குப் போய்விட்டாள். மருமகளைத் தூக்கத்தான் ஓடிவந்தான் அவன். மாடியிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டால் படிக்கட்டு வரை வந்து நிற்பான்.

நாலாம் நாள் ரிசல்ட் வந்தது. டிப்தீரியா இல்லை, ஸ்டெஃபைலோகாக்கஸ். அக்கா எதுவும் பேசாமல் பாப்பாவைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

16 வயதில் போட வேண்டிய டி.டி. பூஸ்டரை அவன் போட்டிருக்கவில்லை. இப்போது போட்டுக்கொண்டான். குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை, 16–24 மாதத்திலும் 5 வயதிலும் பூஸ்டர், பிறகு 10, 16 வயதில் ஒவ்வொன்று. ஊசி கிருமியின் நச்சைத்தான் முறிக்கும். போட்டவர் தோலிலும் கிருமி தங்கலாம். அதனால்தான் வீட்டில் எல்லோருக்கும் தவணை முடிந்திருக்க வேண்டும்.

புண் வாரக்கணக்கில் ஆறாவிட்டால் சர்க்கரையைப் பார்க்கிறோம், நல்லதுதான். அதோடு சாம்பிள் எடுக்க வேண்டுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். போட்ட ஊசி, போய்வந்த ஊர், வீட்டில் உள்ள குழந்தை மூன்றையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.