கடல் தந்த கப்பலும் கல்லறை பெற்ற மாலுமியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாநிலத் தலைநகரம் ஆஸ்டின். அங்கே பணிபுரியும் எம் தமையனாரின் மகன் இல்லத்தில், அண்ணியாருடன் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. ஒருநாள் காலைச் சிற்றுண்டி முடிந்ததும், புல்லக் மாநில வரலாற்று அருங்காட்சியகத்தைக் காணப் புறப்பட்டோம்.

வாயிலின் முன்னே அகன்ற முற்றம். அதில் 35 அடி உயர வெண்கல விண்மீன் ஒன்று வெயிலில் ஒளிர்ந்து நிற்கிறது. ஒற்றை விண்மீனே டெக்சாசின் சின்னம். தெற்கே, 1888இல் இளஞ்சிவப்புக் கல்லால் கட்டி முடிக்கப்பெற்ற சட்டமன்ற மாளிகை. முன்னாள் துணை ஆளுநர் பாப் புல்லக்கின் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகம் 2001 ஏப்ரல் 21 அன்று திறக்கப்பட்டது.

இந்நிலத்தில் ஆறு கொடிகள் பறந்தன என்பர். அவற்றுள் பிரான்சின் கொடிக்குச் சான்றாகக் கீழ்த்தளத்தில் கிடக்கிறது ஒரு கப்பலின் அடிப்பாகம். அதன் பெயர் 'லா பெல்'. 'அழகி' என்பது பொருள்.

இளமையில் இயேசு சபையில் சேர்ந்து பின்னர் விலகியவரான லா சால், 1682இல் மிசிசிப்பி ஆற்றின் வழியே கடல்வரை சென்றவர். ஆற்றின் முகத்துவாரத்தில் குடியேற்றம் அமைக்க எண்ணி, 1684இல் நான்கு கப்பல்களில் ஏறத்தாழ 300 பேருடன் பிரான்சிலிருந்து புறப்பட்டார். குருவான அவருடைய அண்ணனும் உடன் சென்றார். ஆனால் முகத்துவாரத்தைத் தவறவிட்டு, 600 கிலோமீட்டருக்கும் மேலாக மேற்கே போய்விட்டனர். ஒரு கப்பல் ஸ்பானியர் கையில் சிக்கியது. ஒன்று விரிகுடாவின் வாயிலில் தரைதட்டி உடைந்தது. ஒன்று தாய்நாடு திரும்பியது. எஞ்சியது லா பெல்.

1686இல், லா சால் தரைவழியே சென்றிருந்த வேளையில், கப்பலில் குடிநீர் தீர்ந்தது. நீர் கொண்டுவரப் படகில் போனவர்கள் திரும்பவில்லை. தாகத்தால் சிலர் மாண்டனர். பின்னர் வீசிய புயல்காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டுபோய் மாட்டகோர்டா விரிகுடாவின் சேற்றில் ஆழ்த்தியது. மறு ஆண்டு லா சால் தம் ஆட்களாலேயே கொல்லப்பட்டார்.

1995இல் அகழ்வாராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடித்தனர். கப்பலைச் சுற்றிக் கடலுக்குள்ளேயே இரும்புத் தகடுகளால் இரட்டைச் சுவர் எழுப்பி, உள்ளிருந்த நீரை இறைத்து வெளியேற்றி, வயலை உழுவதுபோலச் சேற்றைக் கிளறினர். வெண்கலப் பீரங்கிகள், கண்ணாடி மணிகள், மோதிரங்கள், பாடுபட்ட சுரூபம் ஒன்று என, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. 54 அடி நீளமான அக்கப்பலின் மரங்களை உறையவைத்து, ஈரம் நீக்கி, மீண்டும் இணைத்து இங்கே வைத்திருக்கிறார்கள்.

பொருள்களோடு ஒரு மனிதரும் கிடைத்தார். கப்பலின் முன்பகுதியில், சுருட்டி வைத்த நங்கூரக் கயிற்றின்மேல் அவருடைய எலும்புகள் கிடந்தன. அருகில் சிறிய தண்ணீர்ப் பீப்பாய் ஒன்று. பக்கத்தில் கிடைத்த வெள்ளீயக் கோப்பையில் 'சி. பராஞ்ச்' என்ற பெயர் இருந்தது. எனினும் அது அவர் பெயர்தானோ என்று உறுதி கூற யாராலும் இயலவில்லை.

இதை எம் மகன் மொழிபெயர்த்துச் சொன்னபோது, அண்ணியார் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். எம் தமையனார் 2017 நவம்பர் இறுதியில், குமரிக் கடற்கரையைத் தாக்கிய ஒக்கிப் புயலில் மாண்டவர்களுள் ஒருவர். அவர் உடல் கரைசேரவில்லை. சகல ஆத்துமாக்கள் திருநாளில் எல்லாரும் கல்லறைகளுக்கு மெழுகுதிரி ஏற்றும்போது, அண்ணியார் கடற்கரையில் ஏற்றிவிட்டு வருவார்.

"அந்த எலும்புகளை என்ன செய்தார்கள்?" என்று கேட்டார்.

2004 பிப்ரவரி 3 அன்று, இந்நகரிலேயே உள்ள மாநிலக் கல்லறைத் தோட்டத்தில் அவற்றை மரியாதையுடன் அடக்கம் செய்தனர். பிற்பகல் அங்கே சென்றோம். டெக்சாசின் தந்தை எனப்படும் ஸ்டீபன் ஆஸ்டினும், அருங்காட்சியகத்திற்குப் பெயரளித்த புல்லக்கும் துயிலும் இடம் அது. ஏறத்தாழ 310 ஆண்டுகள் கடலடியில் கிடந்த பெயர் தெரியாத மாலுமிக்கும் அதே மண்ணில் இடம் தந்திருக்கிறார்கள்.

மரித்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று எனச் சிறுவயதில் மறைக்கல்வியில் படித்தோம். அதன் பொருள் அன்றுதான் எங்களுக்கு முழுமையாக விளங்கிற்று. இறந்தவருக்கு மட்டுமல்ல, இருப்பவருக்கும் அது இரக்கமே.

அண்ணியார் முழந்தாளிட்டு, நித்திய இளைப்பாற்றிச் செபத்தைச் சொன்னார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். எழுந்தபின், "இவர் வீட்டிலும் ஒருத்தி காத்திருந்திருப்பாள். அவளுக்காகவும் சொன்னேன்" என்றார்.

மாலை வெயில் தணிந்திருந்தது. வீடு திரும்பும் வழியில் யாரும் அதிகம் பேசவில்லை. ஊர் திரும்பியதும், உடல் கிடைக்காத நம் கடலோடிகளின் பெயர்களைப் பொறித்த கல் ஒன்றைக் கல்லறைத் தோட்டத்தில் நிறுவுமாறு பங்குத்தந்தையிடம் கேட்பதென்று முடிவுசெய்தோம். நம் மாலுமிகளின் பெயர்கள் நமக்குத் தெரியுமல்லவா?