சிறுகுறிஞ்சானும் என் தப்புக் கணக்கும்



போன மாதம் இதே சுவரில் "சர்க்கரையை விரட்டும் சிறுகுறிஞ்சான்" என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் தலைப்புப் போட்ட தாள் ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எழுதியது நான்தான். அதில் பெரிய தப்பு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தத் தாள்.

செண்பகத்தோப்பு போகிற வழியில், மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்கு எங்க தாத்தா காவல். வேலி முழுக்கச் சிறுகுறிஞ்சான் கொடி படர்ந்து கிடக்கும். (அதற்கு மேலே காட்டில் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. 1988-இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம், 2021-இல் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. நான் பறித்தது வேலியில்தான்!) சின்ன வயசில் தாத்தா ஓர் இலையை மெல்லக் கொடுத்துவிட்டு, நாக்கில் சீனியைப் போடுவார். மணலைத் தின்கிற மாதிரி இருக்கும். இனிப்பே தெரியாது. அதற்குக் காரணமான ஜிம்னீமிக் அமிலத்தைப் பற்றி ஊட்டியில் இருந்த டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலர் 1887-லேயே எழுதியிருக்கிறார்.

எங்க பெரியம்மா மகள் கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். லீவில் அவளோடு ஆய்வகத்துக்குப் போனேன். நிழலில் காயவைத்துப் பொடித்த இலையை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டினோம். டி.பி.பி.எச். என்று ஒரு பொருள். மெத்தனாலில் கரைத்தால் நாவல்பழச் சாறு மாதிரி அடர் ஊதா. அதன் மூலக்கூறில் ஜோடி சேராத எலெக்ட்ரான் ஒன்று இருக்கிறது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் உள்ள சாற்றை ஊற்றினால், அவை ஹைட்ரஜனைக் கொடுத்து அந்த எலெக்ட்ரானை அடக்கிவிடும். ஊதா வெளுத்து மஞ்சளாகும். கண்ணெதிரே நிறம் மாறுவதைப் பார்த்தால் மேஜிக்தான் போங்கள். 30 நிமிஷம் இருட்டில் வைத்துவிட்டு, 517 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று மெஷினில் பார்க்க வேண்டும். சாறு சேர்க்காததில் 0.82. சாறு சேர்த்ததில் 0.31. கழித்து, 0.82-ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் 62 சதவீதம்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? "சிறுகுறிஞ்சான் 62 சதவீதம் சர்க்கரையைக் குறைக்கும்" என்று! வீட்டில் அதைச் சத்தமாக வாசித்து வேறு காட்டினேன். தாத்தாவுக்கு எட்டு வருஷமாகச் சுகர்.

"ஏந்தாயி, மெஷினே சொல்லிருச்சா?" என்று கேட்டார். "ஆமா தாத்தா" என்றேன்.

அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். காலையில் கசாயம் மட்டும். எங்க யாரிடமும் சொல்லவில்லை. மூணு வாரத்தில் ஆள் இளைத்துப் போனார். ராத்திரி நாலு தடவை எழுந்து தண்ணீர் குடித்தார். வெயில் என்று நினைத்தோம். ஒருநாள் தோப்பிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை 412. மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "எம் பேத்தி பள்ளிக்கூடத்துல எழுதிப் போட்டுருக்கா" என்று பெருமையாகச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அக்காவிடம் போய் அழுதேன். அவள் திட்டவில்லை. ஊதாக் கரைசலை எடுத்து, ஒரு குழாயில் டீத்தூள் வடித்த தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சம்பழச் சாறு விட்டாள். இரண்டும் மஞ்சளாகிவிட்டது. டீ நம்ம இலையை விட வேகமாக!

"அப்போ டீக்கடையில உட்கார்ந்திருக்கிற யாருக்கும் சுகரே வரக் கூடாதுல்ல?" என்றாள்.

அந்த 62, கண்ணாடிக் குழாய்க்குள் அந்த ஊதாப் பொருளில் எவ்வளவு அடங்கியது என்பதற்கான கணக்கு. அவ்வளவுதான். இலை குடலில் என்ன ஆகிறது, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அதற்குத் தெரியாது. சாற்றின் அளவைக் கூட்டினால் அந்த எண்ணும் கூடும். அதனால் எவ்வளவு சாறு என்று எழுதாத சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை. நான் அதையும் எழுதவில்லை.

இலை வெறும் இலை என்றும் சொல்லிவிட முடியாது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், 22 நோயாளிகளுக்கு இதன் சாற்றுப்பொருளை நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்தது. 5 பேருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போனது. ஆனால் அங்கே மாத்திரையோடு சேர்த்துத்தான் ஆரம்பித்தார்கள். ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். எங்க வீட்டில் யார் சோதித்தார்கள்? டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். மாத்திரையோடு கசாயமும் சேர்ந்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாமாம், அதனால் கேட்காமல் குடிக்கக் கூடாதாம்.

தாத்தா இப்போது தேறிவிட்டார். மாத்திரை அட்டை என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. காலையும் ராத்திரியும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

பழைய தாளை நானே கிழித்துவிட்டேன். ஆனால் அது இங்கே இருந்தபோது, ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் நின்றுகொண்டே நோட்டில் அதைக் காப்பி எடுத்தான். "எங்க ஆச்சிக்கு" என்றான். பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். தம்பி, இதைப் படித்தால் இன்றைக்கே 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவுக்கு வந்து என்னைப் பார். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வா.