வாய்க்கு ஏற்ற உணவு



மேச்சேரியில் எங்கள் இல்லத்திற்கு வந்தவர்கள் முன்னறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அது என் மகனுடையது. சென்ற ஆண்டு பதினோராம் வகுப்புத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறியபின், அவன் சேலத்துக் கடையொன்றிலிருந்து ஆறு வானவில் மீன்களை வாங்கி வந்தான். படிக்க வேண்டிய நேரத்தில் மீன் வளர்க்கிறானே என்று மனம் கசந்தேன். இரவு உணவின்போது நாள்தோறும் நீண்ட புத்திமதி சொன்னேன். அவன் தலைகுனிந்து கேட்டான். சில வாரங்களில் என்னோடு அமர்ந்து உண்பதையே நிறுத்திவிட்டான்.

அவை போசமனி என்னும் வகை. நியூகினித் தீவின் மேற்குப் பகுதியிலுள்ள அயமாரு ஏரிகள் அவற்றின் தாயகம். மரினஸ் போசமன் என்னும் டச்சு மீனியலாளரைச் சிறப்பிக்கும் வகையில் 1980-ஆம் ஆண்டில் அவற்றிற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. வளர்ந்த ஆண் மீனின் முன்பாதி நீலமாகவும் பின்பாதி செம்மஞ்சளாகவும் ஒளிரும். சுண்ணாம்புப் பாறை நிலத்து ஏரிகளைச் சேர்ந்தவையாதலால், நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் அவற்றிற்கு ஒத்துக்கொண்டது.

இம்மீன்கள் ஒரே நாளில் முட்டையிட்டு முடிப்பதில்லை. நாளுக்குச் சிலவாக இடும் முட்டைகள், மெல்லிய இழைகளால் பாசியில் ஒட்டிக்கொள்ளும். பெரிய மீன்கள் தின்றுவிடாதபடி மகன் அந்தப் பாசியை வேறொரு சிறு தொட்டிக்கு மாற்றினான். ஏறத்தாழ ஒரு வாரத்தில், அறுத்த நூல்துண்டுகளைப் போல முப்பது குஞ்சுகள் நீர்மட்டத்தை ஒட்டி நீந்தின.

அப்போதுதான் அவன் துணைத்தேர்வு எழுதச் சென்று, சேலத்தில் என் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. “இந்தப் புட்டியிலிருந்து வேளைக்கு இரண்டு கரண்டி மட்டும் ஊற்றுங்கள் அப்பா” என்று சொல்லிச் சென்றான். புட்டியில் இருந்ததோ வாழைச்சருகு ஊறிய கலங்கல் நீர். இதுவும் ஓர் உணவா என்று எண்ணிய நான், பெரிய மீன்களுக்குரிய தீனியை நொறுக்கித் தாராளமாகத் தூவினேன். அவன் திரும்பி வந்தபோது ஆறு குஞ்சுகளே உயிரோடிருந்தன. தொட்டி நிறையத் தீனி மிதந்துகொண்டிருந்தது.

அவன் கோபிக்கவில்லை. “தீனி குறைவாக இருந்து சாகவில்லை அப்பா. அது இவற்றின் வாய்க்குள் நுழையாது” என்று மட்டும் சொன்னான்.

சருகு ஊறிய நீரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. முதல் நாட்களில் அக்குஞ்சுகளின் வாய் கொள்வது அவ்வளவே. பத்து நாட்களுக்குப் பின்னரே, அப்போது பொரித்த ஆர்ட்டீமியா இளம்புழுக்களை அவை உண்ணத் தொடங்கின. எஞ்சிய தீனியோ அழுகி, அவை சுவாசிக்கும் நீரையே கெடுத்துவிடுகிறது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் சொன்ன புத்திமதிகளில் பொய்யான ஒரு வார்த்தையும் இல்லை. ஆயினும் தோல்வியால் ஒடுங்கியிருந்த என் பிள்ளையின் உள்ளம் எவ்வளவு கொள்ளும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. சொன்னதன் அளவையே அன்பின் அளவாக எண்ணியிருந்தேன்.

மறுநாள் முதல் இரவில் ஒரே கேள்வி கேட்டேன்: “இன்று குஞ்சுகள் எப்படி இருக்கின்றன?” முதலில் ஒரு சொல்லில் பதில் வந்தது. பின்பு ஒரு வாக்கியம் வந்தது. மூன்றாம் வாரத்தில் அவன் தன் தட்டை எடுத்துவந்து என் அருகில் அமர்ந்தான். படிப்பைப் பற்றி அவனே பேசத் தொடங்கினான்.

அந்த ஆறு மீன்களும் இன்னும் வெள்ளி நிறத்திலேயே இருக்கின்றன. வண்ணம் ஏற மேலும் பல மாதங்கள் ஆகும் என்கிறான். காத்திருக்கிறோம்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் சோர்ந்துபோன ஒருவர் இருக்கக்கூடும். இந்த வாரம் அவரிடம் பேசுமுன் அவர் முகத்தைச் சற்று நேரம் பாருங்கள். அவர் ஏற்கக்கூடிய சிறிய அளவை அறியும் பொறுமையைத் தேவன் நமக்குத் தருவாராக.