மழைக்கும் பட்ஜெட் போடும் ஊர்... ஹிவ்ரே பஜார்!

ஷீரடிக்கும் சனி சிங்கனாப்பூருக்கும் போய் வரும் நம்மூர்க்காரர்களுக்கு மகாராஷ்டிராவின் அகமத்நகர் மாவட்டம் புதிதல்ல. இப்போது அதன் பெயர் அகில்யாநகர். மாவட்டத் தலைநகரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கிறது ஹிவ்ரே பஜார். கோயில் டூர் பட்டியலில் இந்த ஊர் வராது. ஆனால், விவசாயக் குடும்பம் என்றால் ஒரு நாள் ஒதுக்கிப் பார்க்கலாம்.

ஊரைச் சுற்றிக் குன்றுகள். மேற்குத் தொடர்ச்சி மலை, மழையை எல்லாம் கொங்கண் பக்கமே வாங்கிக்கொள்வதால் இந்தப் பக்கத்துக்கு மிச்சம் வருவது கொஞ்சம்தான். வருஷத்துக்குச் சராசரியாக 400 மி.மீ. அளவுக்கே மழை. சென்னையில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை!

1972-ம் ஆண்டுப் பஞ்சம் ஊரை உருக்குலைத்துவிட்டது. கிணறுகள் வற்றின. அடுப்பெரிக்க மரங்களை வெட்டியதில் குன்றுகள் மொட்டையாயின. சாராயம் பெருகியது. பலர் புனே, மும்பை என்று பிழைப்புத் தேடிக் கிளம்பினார்கள். அரசு ஊழியர்கள் இந்த ஊருக்கு மாற்றலானால் தண்டனை என்றே நினைத்தார்கள்.

1989-ல் போபட்ராவ் பவார் போட்டியின்றி சர்பஞ்ச் ஆனார். எம்.காம். படித்த, கிரிக்கெட் ஆடிய இளைஞர் அவர். அரசுத் திட்டப் பணமும் ஊராரின் இலவச உழைப்பும் சேர்ந்து வேலை நடந்தது. முதலில் கை வைத்தது குன்றின் உச்சியில். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வரிவரியாக அகழிகள். மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் அதில் தங்கும். அடித்து வரும் மண்ணும் அங்கேயே படியும். தங்கிய நீர் மெல்லக் கசிந்து, கீழே இருக்கும் கிணறுகளுக்குப் போய்ச் சேரும். அதற்கும் கீழே மண் கரைகள், தடுப்பணைகள், கசிவுநீர்க் குட்டைகள். மரம் வெட்டத் தடை. ஆடு மாடுகளைக் குன்றில் அவிழ்த்துவிடவும் தடை. புல் வேண்டுமா, அரிவாளோடு போய் அறுத்துச் சுமந்து வரவேண்டும். 1990-களின் நடுவில் நாளுக்கு 150 லிட்டராக இருந்த பால் உற்பத்தி, பின்னர் 4,000 லிட்டரைத் தாண்டியதற்கு அந்தப் புல்தான் காரணம்.

இதுவரை சொன்னதை எத்தனையோ ஊர்கள் செய்திருக்கின்றன. தண்ணீர் ஊறியதும் என்ன நடக்கும்? வசதி இருப்பவர் ஆழமாக போர்வெல் இறக்குவார், கரும்பு வைப்பார். நாலு வருஷத்தில் பக்கத்துக் கிணறு காலி. ஹிவ்ரே பஜாரில் பாசனத்துக்கு போர்வெல் கிடையாது. அது குடிநீருக்கு மட்டுமே. கரும்பும் வாழையும் கூடாது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் முன்னோடியான பிரவரா ஆலை இருப்பது இதே மாவட்டத்தில். சுற்றிலும் கரும்புப் பணம் புழங்கும்போது, சொந்த நிலத்துக்காரரைக் 'கரும்பு வேண்டாம்' என்று சம்மதிக்க வைப்பதற்கு அகழி வெட்டுவதைவிடத் தெம்பு வேண்டும்.

சம்மதம் பிறப்பது கிராம சபையில்தான். மழைமானியில் பதிவான மழை, கிணறுகளின் நீர்மட்டம் இரண்டையும் வைத்து ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் பட்ஜெட் போடுகிறார்கள். முதலில் குடிக்க, வீட்டுக்குப் புழங்க, கால்நடைக்கு. மிச்சத்தில் 70 சதவிகிதம் பாசனத்துக்கு. 30 சதவிகிதத்தைத் தொடுவதில்லை. நாளைக்காக அது நிலத்தடியிலேயே கிடக்கும். மழை குறைந்த வருஷம் என்றால், தண்ணீர் அதிகம் கேட்கும் கோதுமை ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதே கிணற்று நீரைச் சிக்கனமாகக் கொடுத்தால் கொண்டைக்கடலையும் சோளமும் விளையும்.

ஊடகங்கள் இதை 'லட்சாதிபதிகளின் கிராமம்' என்று எழுதுகின்றன. பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இரண்டும் சந்தோஷமான செய்திகள்தான். ஆனால், பணக்கார ஊர் என்று மட்டும் சொல்லும்போது அந்த 30 சதவிகிதம் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

போவதென்றால் மழை ஓய்ந்த அக்டோபர் அழகாக இருக்கும், குன்றெல்லாம் பச்சை. கிணறுகளை எட்டிப் பார்த்துக் கணக்கைச் சோதிக்க நினைப்பவர்கள் மே மாத வெயிலைத் தாங்கத்தான் வேண்டும். ஊர் பிடித்துப்போய், 'இங்கே ஒரு ஏக்கர் கிடைக்குமா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வெளியாருக்கு நிலம் விற்பதில்லை என்பதும் ஊர் கூடி எடுத்த முடிவு!