தகரப் பெட்டிக்குள் கத்திரி

சித்திரை 21

கத்திரி பிறந்த அன்றே மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு கேரவன் வந்து நின்றது. சந்துக்குள் திரும்ப இடமில்லாமல் முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். படப்பிடிப்புகளுக்கு வாடகைக்குப் போகும் வண்டி. அடர் சாம்பல் நிறம், ஜன்னல்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. வண்டியின் சொந்தக்காரர், சந்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஏசி மெக்கானிக் ஒருவரின் அக்காள் மகன்.

"மாமா, உள்ள உக்கார முடியலன்னு நேத்து யூனிட்ல ஒரே சத்தம். ஒன்றரை டன் பத்தல. ரெண்டு டன்னா மாத்திரலாமா?"

மாமா உடனே பதில் சொல்லவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், கூரையில் கை வைத்துப் பார்த்து வெடுக்கென்று எடுத்தார். துணிக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அன்றிரவு அதில் அவர் எழுதிய முதல் வரி: "வெயில் எங்கே, ஈரம் எங்கே, ஓட்டை எங்கே? பிறகு டன்."

வெளிநாடுகளில் கேரவன் என்றால் குடும்பத்தோடு ஊர் சுற்றும் வண்டி. சென்னையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது நடிகர் இளைப்பாறும் வண்டிதான். கேரளம் 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் அதற்கு இடமுண்டு. சுற்றுலாவோ சினிமாவோ, இரண்டும் தகரப் பெட்டிதான். கடலோர வெயிலில் இரண்டுக்கும் ஒரே பாடு.

சித்திரை 22

இன்று கணக்கு நாள். கூரையை அளந்தார்: நீளம் 6 மீட்டர், அகலம் 2.2 மீட்டர், ஆக 13 சதுர மீட்டர். மே மாத நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் மேல் விழும் வெயில் ஏறக்குறைய ஒரு கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் மூன்றரை கிலோவாட். அப்படியானால் கூரையில் மட்டும் நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான வெயில் கொட்டுகிறது. அத்தனையும் உள்ளே இறங்கிவிடாது என்பது உண்மை. ஆனாலும் அடர் நிறம் பத்தில் ஒன்பது பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு பத்தில் எட்டைத் திருப்பி அனுப்பிவிடும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. மயிலாப்பூரின் பழைய ஓட்டு வீடுகளுக்கு நடுவே எழும்பிய மொட்டைமாடிகளில் கோடைக்குக் கோடை சுண்ணாம்பு அடித்தவர்கள் இதே வேலையைத்தான் செய்தார்கள். தெலங்கானா 2023ல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

அக்காள் மகனுக்கு மனசில்லை. "வெள்ள அடிச்சா வாட்டர் டேங்கர் மாதிரி இருக்கும் மாமா." கடைசியில் உடன்பாடு ஏற்பட்டது: பக்கங்கள் சாம்பலாகவே இருக்கட்டும், கூரை மட்டும் வெள்ளை. கூரையை யாரும் போட்டோ எடுக்கப்போவதில்லை.

டைரியில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் உள்ள ஊர். சூரியன் ஏப்ரல் 24, 25 வாக்கில் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. எனவே கத்திரி நாட்களின் நடுப்பகல் வெயில் தெற்கிலிருந்து வருவதில்லை, லேசாக வடக்கே சாய்ந்து வருகிறது. சுவர்களை உண்மையில் வறுத்தெடுப்பது மாலை மேற்கு வெயில். வண்டியின் மூக்கோ வாலோ மேற்கே இருக்கும்படி நிறுத்தினால் குறுகிய பக்கம் மட்டும் அடி வாங்கும். டிரைவருக்கு இதைச் சொன்னபோது, "கிடைக்கிற எடத்துல நிறுத்தறதே பெரும்பாடு சார்" என்றார். அதுவும் நியாயம்தான்.

சித்திரை 25

காலை நடையில் மாமாவின் கால்கள் மெரினாவுக்கு எதிரே ஐஸ் ஹவுஸ் முன்னால் நின்றன. இப்போது அது விவேகானந்தர் இல்லம். 1897 பிப்ரவரியில் சுவாமி தங்கியிருந்த கட்டடம் என்பதால் அந்தப் பெயர். கட்டப்பட்டது 1842ல், அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க. பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிய பனிக்கட்டி, மாதக்கணக்கில் கடலில் கிடந்து இரண்டு முறை நிலநடுக்கோட்டைத் தாண்டி மெட்ராஸ் வந்து சேர்ந்தது. வழியில் கணிசமாக உருகியும் லாபம் வந்தது. ஏசி இல்லாத காலத்தில் பனிக்கட்டியைக் காப்பாற்றியது மரத்தூளும் கனத்த சுவரும்தான்.

இங்கேதான் டன் என்ற சொல்லின் வேரும் இருக்கிறது. ஏசி வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் ஒரு டன் என்பதை இயந்திரத்தின் எடை என்று நினைக்கிறார்கள். அது பனிக்கட்டியின் எடை. 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். கம்ப்ரசர் வந்து பனிக்கட்டி வியாபாரத்தைச் சாய்த்தது. அளவுகோலை மட்டும் அதனிடமிருந்தே எடுத்துக்கொண்டது.

"ரெண்டு டன் கேட்கிறவன் தினமும் 1,800 கிலோ ஐஸ் கேட்கிறான். மரத்தூள் எங்கே என்று அவனை யாரும் கேட்பதில்லை" என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் கோபம் தெரிகிறது.

சித்திரை 29

பெசன்ட் நகர், எலியட்ஸ் கடற்கரை. காலை பதினொரு மணிவரை நிலக்காற்று அனலாக அடித்தது. பிறகு தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வந்தது. சென்னைக்காரர்கள் கோடையில் தவமிருந்து எதிர்பார்ப்பது இதைத்தான். அது நேரத்துக்கு வந்தால் வெயில் அடங்கும். மேற்குக் காற்று அதைத் தள்ளிப்போட்டால் பாதரசம் எகிறும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

கடற்காற்று வந்ததும் டிரைவர் கதவை விரியத் திறந்து வைத்தார். மாமா ஓடிப்போய் மூடினார். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அவர் எடுத்த அளவு: வெளியே 34, ஈரத்துணியில் 29. ஐந்து டிகிரிதான் வித்தியாசம். காற்று குளிர்ந்தது போலத் தோன்றினாலும் கடலைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. திறந்த வெளியில் நிற்பவருக்கு அது அமிர்தம். ஏசி ஓடும் பெட்டிக்குள் புகுந்தால் தண்டச் செலவு.

டீசலை மிச்சப்படுத்த ஏர் கூலர் வைக்கலாமே என்ற யோசனையும் இந்த ஐந்து டிகிரியில் அடிபட்டுப் போகிறது. கூலர் காற்றை ஈரத்துணி காட்டும் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. நாக்பூரில் 44 டிகிரி அடித்தாலும் காற்று வறண்டிருப்பதால் ஈரத்துணி இருபதுகளின் முற்பாதிக்கு இறங்கும், கூலர் ஜம்மென்று ஓடும். அடையாற்றில் அதே கூலர் சின்ன அறையை ஆவி பிடிக்கும் அறையாக்கிவிடும். மாடவீதி நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் வாங்கித் தொங்கவிட்டாலும் கிடைப்பது மணம் மட்டும்தான்.

பின்பெட்டியைத் திறந்து பார்த்தபோது இன்னொரு குட்டு வெளிப்பட்டது. ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே ஏசியின் அவுட்டோர் யூனிட். ஏசியின் திறனை வெளிக்காற்று 35 டிகிரி என்று வைத்துத்தான் அளக்கிறார்கள். இங்கே அது ஜெனரேட்டர் விடும் வெக்கையைக் குடித்துக்கொண்டிருந்தது. தாளில் ஒன்றரை டன், ஓட்டத்தில் அவ்வளவு இருக்காது. இரண்டுக்கும் நடுவே தகரத் தடுப்பு போட்டு, அவுட்டோர் யூனிட்டின் சூட்டுக்கு வேறு வாசல் வைத்தார்கள். காயிலில் படிந்திருந்த உப்பைத் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். கடற்கரையில் நின்ற வண்டிக்கு இந்தக் குளியல் அவசியம்; இல்லையென்றால் அலுமினியத் தகடுகள் பொடிப்பொடியாக உதிரும்.

வைகாசி 2

தி. நகரில் இரவுப் படப்பிடிப்பு. பனகல் பூங்காவை ஒட்டி வண்டி நின்றது. வெயில் துளியும் இல்லை, வெள்ளைக் கூரைக்கு வேலையும் இல்லை. ஆனாலும் உள்ளே இருந்தவர்களுக்குப் பிசுபிசுப்பு. "ஏசி இருவத்திரண்டுல ஓடுது, ஆனா போர்வ ஈரமா இருக்கு" என்றார் மேக்கப் உதவியாளர்.

டைரியின் மிக நீண்ட பக்கம் இதுதான். மாமா எழுதிய கணக்கைச் சுருக்கினால்: வெளியே 33 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் தண்ணீர் இருக்கிறது. உள்ளே 24 டிகிரியில் சுகமாக இருக்க வேண்டுமானால் அது 12 கிராமாக இறங்க வேண்டும். அந்தக் காற்றை ஒன்பது டிகிரி குளிர்விக்க ஆகும் வேலையைப் போல இரண்டரை மடங்கு, அந்த 11 கிராமைப் பிழிந்தெடுக்க ஆகிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஏசி வாங்கும் சுமையில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

பெரிய ஏசி ஏன் ஆபத்து என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. இரவில் வெயில் இல்லாததால் வெப்பநிலை சட்டென்று இறங்கும், கம்ப்ரசர் நின்றுவிடும். காயிலில் கோத்த நீர் வடிவதற்கு முன்பே மின்விசிறி அதை மறுபடி உள்ளே ஊதும். குளிர்ந்த, ஈரமான குகை ஒன்று தயார். ஒன்றரை டன்னுக்கே இந்தக் கதி. இரண்டு டன் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் நின்று, இன்னும் அதிகம் நனைத்திருக்கும். ரிமோட்டில் யாரும் தொடாத 'ட்ரை' பொத்தானை அமுக்கி, விசிறி வேகத்தைக் குறைத்தார் மாமா. அரைமணியில் வடிகுழாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது. டிரைவர் அடியில் வாளி வைத்து வேடிக்கை பார்த்தார்.

வில்லிஸ் கேரியர் 1902ல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக நவீன ஏசியை வடிவமைத்ததே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஈரத்தில் காகிதம் நீண்டு சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. மனிதருக்குக் கிடைத்த குளிர்ச்சி அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விற்கிற நாமோ டன்னை மட்டும் விற்றுவிட்டோம் என்று மாமா தன் தொழிலையே குறைசொல்லிக்கொள்கிறார்.

அதிகாலை மூன்று மணிக்கு டீ வாங்கப் போன இடத்தில் பேச்சு உணவு டெலிவரி செய்யும் பையன்களுக்காக 2025ல் மாநகராட்சி அண்ணா நகரில் திறந்த ஏசி ஓய்வறை பற்றித் திரும்பியது. வெயிலில் சுற்றுகிறவனுக்கு நடிகருக்குக் கிடைக்கிற குளிர்ச்சியில் கால்வாசியாவது கிடைக்கட்டும் என்றார் டீ மாஸ்டர். 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்ததையும் அவரே சொன்னார்.

வைகாசி 5

இன்று ஒரே ஒரு குறிப்பு, சிவப்பு மையில்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் ஊழியர்கள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு தரையிலிருந்த துவாரம் வழியாக உள்ளே ஏறியிருந்தது. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

மாமா வண்டியின் அடியில் படுத்துக்கொண்டு, வயர் போகும் ஒவ்வொரு துளையையும் டார்ச் அடித்துத் தேடினார். மூன்று கிடைத்தன. அடைத்தார். புகைக்குழாயைக் கூரை உயரத்துக்கு நீட்டச் சொன்னார். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டினார். ஜெனரேட்டர் ஓடும்போது டிரைவர் உள்ளே தூங்கக் கூடாது என்று அக்காள் மகனிடம் கையெழுத்தே வாங்கிவிட்டார்.

வைகாசி 9

உள்சுவரின் பிளைவுட் ஒரு மூலையில் உப்பியிருந்தது. கழற்றினால் நனைந்து கறுத்துப்போன கண்ணாடிப் பஞ்சு. குளிர்நாட்டில் வீட்டு ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். அங்கே ஈரத்தைத் தடுக்கும் உறையை உள்பக்கம் வைப்பார்கள். இங்கே ஏசி ஓடும் பெட்டிக்குள் ஈரம் வெளியிலிருந்து வருகிறது, உறையும் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும். அந்த ஊர்ப் படத்தை அப்படியே பார்த்துச் செய்த பெட்டி, நம் ஊரில் சுவருக்குள் வியர்க்கிறது.

பஞ்சை எடுத்துவிட்டுப் பஃப் பலகை வைத்தார்கள். தெர்மாகோல் போடலாமா என்று டிரைவர் கேட்டதும் பட்டறையில் சிரிப்பு எழுந்தது. 2017ல் வைகை அணை நீர் ஆவியாகாமல் தடுக்க மிதக்கவிட்டுக் காற்றில் பறந்துபோன தெர்மாகோலை நினைத்துச் சிரித்தார்கள். அந்தப் பொருள் என்ன பாவம் செய்தது? வெப்பத்தைத் தடுப்பதில் அது கெட்டிக்காரன்தான்.

மேக்கப் கண்ணாடியைச் சுற்றியிருந்த பத்துக் குண்டு பல்புகளையும் எல்இடியாக மாற்றினார்கள். 40 வாட் வீதம் 400 வாட். நாலு ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கும் சூடு.

வைகாசி 14

கத்திரி முடிந்தது, வெயில் முடியவில்லை. லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா ஓரம், மர நிழலில் வண்டி. கூரைக்கு மேல் அரையடி இடைவெளி விட்டு, பந்தல் போலத் தார்ப்பாய். அதே ஒன்றரை டன், 24ல் ஓடுகிறது. புது ஏசிகள் 2020 முதல் தொடங்குவதும் அந்த எண்ணில்தான். போர்வை உலர்ந்திருக்கிறது. அக்காள் மகன் இரண்டு டன் பேச்சை எடுக்கவில்லை.

கதவு ரப்பர் மட்டும் பாக்கி. கீழ்மூலையில் இன்னும் காற்று நுழைகிறது. ஊதுவத்திப் புகையைக் காட்டினால் வளைகிறது. ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் மறுபடி சென்னையின் உச்சிக்கு வரும். ரப்பரை அதற்குள் மாற்றியாக வேண்டும்.