அப்பாவின் ஃபுல் டேங்க் கணக்கு

சொந்த ஷெட்டிலேயே சிறிய விமானம் கட்டிப் பறப்பவர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. எஞ்சின் மணிக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும். நடுவானில் பெட்ரோல் பங்க் கிடையாதே!

சாதனம் சின்னதுதான். பெட்ரோல் குழாயில் ஒரு சென்சார், அதற்குள் ஒரு குட்டிச் சக்கரம். பெட்ரோல் ஓட ஓடச் சக்கரம் சுற்றி மின்துடிப்புகளை அனுப்பும். 'ரெட் கியூப்' என்ற வகையில் ஒரு அமெரிக்க காலனுக்கு (3.785 லிட்டர்) சுமார் 68,000 துடிப்புகள். எண்ணி வகுத்தால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் முடியாது. சென்சாரை ஒட்டிக் குழாய் வளைந்தால் அளவு மாறும். காற்றுக்குமிழி வந்தாலும் மாறும். ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் கொஞ்சம் பெட்ரோல் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பும். அதைக் கழிக்காவிட்டால் எஞ்சின் குடிக்காததையும் மீட்டர் காட்டும்.

'இரண்டு சதவீதம் தப்பினால் என்ன?' என்று கேட்கலாம். 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் 'வாயேஜர்' விமானத்தில் எங்கும் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றினார்கள். புறப்படும்போது எரிபொருள் சுமார் 3,180 கிலோ. இறங்கியபோது மிச்சம் சுமார் 48 கிலோ! 3,180-இல் இரண்டு சதவீதமே 63 கிலோவுக்கு மேல்.

அப்படியானால் மீட்டரை எப்படித் திருத்துவது? டேங்கை நிரப்பிப் பறந்து, இறங்கி, அதே குறி வரை மறுபடி நிரப்ப வேண்டும். மீட்டர் 42 லிட்டர் காட்டி, பங்கில் 40 லிட்டர்தான் பிடித்தால், துடிப்பு எண்ணை 1.05-ஆல் பெருக்க வேண்டும். 68,000 என்பது 71,400 ஆகும்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கப்பா லாரி டிரைவர், மூணாவதோடு நின்றவர். "முள்ளை நம்பாதடா, ஃபுல் பண்ணி ஓட்டிட்டு மறுபடி ஃபுல் பண்ணிப் பாரு" என்பது அவர் வேதம். நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் வெஞ்சுரிமீட்டருக்குக் கலெக்டிங் டேங்கும் ஸ்டாப்வாட்ச்சும் வைத்து நாம் செய்வதும் அதுதானே?

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "அங்க என்னடா சொல்லித் தர்றாங்க?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் விளக்கத் தெரியாமல் விழிப்பேன். இந்தத் தடவை விமானக் கதையைச் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டு, "அப்ப நான் செய்யறது சரிதானா?" என்றார்.

சரிதான் அப்பா. அந்த 1.05-ஐ மீட்டருக்குள் ஏற்றத்தான் நான் படிக்கிறேன்.